பென்டிரைவ் என்று சொன்னவன்

என் அண்ணன் முகத்தில் முதல் குத்து விழுந்தபோது நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு அவர் வாசிக்கிற கருவிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். பண்டார் பாருவில் ஒரு கல்யாண மண்டபம், பகல் விருந்து. சென்சார், சிக்னல், புரோகிராம் என்று நான் வாய் கிழியப் பேசுகிறேன், கூட்டம் அது பாட்டுக்குக் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருக்கிறது. முன்வரிசை மேசையிலிருந்து ஒருவன் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு மேடைக்கு ஏறி வந்தான். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணன் மூக்கில் விட்டான் ஒன்று.

"பென்டிரைவ எங்கடா சொருகி வெச்சிருக்க? வெளிய எடு," என்றான்.

அப்புறம் ஆளாளுக்கு ஏறிவிட்டார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் ஸ்பீக்கரை எட்டி உதைத்தார். அண்ணன் கீழே விழுந்து சுருண்டுகொண்டார். வலது கையை வயிற்றுக்குள் மறைத்து, இடது கையால் தலையை மூடிக்கொண்டார். உதையெல்லாம் விலாவில் விழுந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. மைக்காலேயே இரண்டு பேர் முதுகில் போட்டேன். அதை அணைக்க எனக்குத் தோன்றவில்லை, அதனால் நான் போட்ட அடியெல்லாம் மண்டபம் முழுக்க இடியாகக் கேட்டது. அன்றைய நிகழ்ச்சியில் எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கூட்டத்துக்குச் சந்தேகமில்லாமல் புரிந்தது அது ஒன்றுதான்.

அடித்தவன் வேற்று ஆள் இல்லை. அண்ணனுடைய கூட்டாளி. புக்கிட் செலம்பாவ் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசையில் அடுத்தடுத்த வீட்டில் வளர்ந்தவர்கள். ஒரே உறுமிக் குழுவில் அண்ணன் உறுமி அடித்தார், அவன் தப்பு அடித்தான். ஒரு காலத்தில் அவனையும் நான் அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். இங்கே கூட்டாளி என்று மட்டும் எழுதுகிறேன். அவனுக்கு வேறு பெயர்களும் வைத்திருக்கிறேன், அவற்றை அச்சில் போட மாட்டார்கள்.

உறுமிக்கு இரண்டு முகம். ஒரு பக்கத்தை நேர்க்குச்சியால் அடிப்பார்கள். மறுபக்கத் தோலில் வளைந்த குச்சியை அழுத்தி உரசுவார்கள். கேட்பவர்களின் அடிவயிற்றைக் கலக்குகிற அந்த முனகல் உரசலில்தான் பிறக்கிறது. அண்ணனுக்கு உரசுகிற கை வலது கை. அந்தக் கையைத்தான் சுங்கை பட்டாணியில் அவர் வேலை செய்த பெக்டரியில், தகடு வெட்டுகிற மெசின் மணிக்கட்டோடு வாங்கிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் கூட்டாளி எட்டிப் பார்க்கவில்லை. குழுவை அவன் எடுத்துக்கொண்டான். அண்ணன் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். பார்த்து அலுத்தபோது சுவரைக் குத்தினார். இருந்த ஒரு கையும் தோலுரிந்து கிடந்தது. நான் மருந்து போட்டுக்கொண்டே திட்டுவேன், அவர் திட்டு வாங்கிக்கொண்டே மறுபடியும் குத்துவார்.

ஒரு மதியம் யார் வீட்டுச் சாவுக்கோ மேளம் எங்கள் தெரு வழியாகப் போனது. அண்ணன் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். வெட்டுப்பட்ட கையை நான் தற்செயலாகப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே சதை இறுகியது, முறுக்கியது, தளர்ந்தது. மேளத்தோடு இம்மி பிசகாமல் ஒட்டிப் போனது. கை போய்விட்டது, உரசல் அங்கேயே இருக்கிறது. எனக்கு அழுகை வரவில்லை. இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா இந்த மனுசன் சுவரைக் குத்துகிறார் என்று ஆத்திரம்தான் வந்தது.

நான் எலெக்ட்ரானிக் பெக்டரியில் சர்க்கியூட் போர்டு சரிபார்க்கிறவள். பற்றவைக்கத் தெரியும். என்னோடு வேலை செய்யும் மலாய்க்கார அக்கா ஒருத்திக்குப் புரோகிராம் எழுதத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு பட்டை செய்தோம். முழங்கைக்குக் கீழே கட்ட வேண்டும். சதையை இறுக்கினால் சத்தம் ஏறும், கையை முறுக்கினால் நீளும், தளர்த்தினால் அடங்கும். பட்டையிலிருந்து ஒரு வயர் சின்னப் பெட்டிக்குப் போய், ஸ்பீக்கரில் உறுமியின் முனகலாக வெளியே வரும். இடது கையால் அடிப்பதற்குத் தாங்கியில் நிறுத்திய ஒரு கறுப்பு ரப்பர் பேட். அவ்வளவுதான் எங்கள் உறுமி.

முதல் தடவை அது முனகியபோது அண்ணன் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். அப்புறம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. வியர்த்து ஊற்ற ஊற்ற வாசித்துக்கொண்டே இருந்தார். சுவரைக் குத்துவதை அன்றோடு விட்டார். என் அண்ணன் எனக்குத் திரும்பக் கிடைத்தது அந்த நாளில்தான், அதை யார் கேட்டாலும் சொல்வேன்.

கோளாறு கருவியில் இல்லை, சட்டையில். மொட்டைக் கையை எவனும் பார்க்கக் கூடாது என்று அண்ணன் முழுக்கைச் சட்டை போட்டு, நுனியை முடிந்து, பட்டையையும் அதற்குள் ஒளித்துக்கொண்டார். கூட்டம் என்னத்தைப் பார்க்கும்? ஒரு ஆள் இடது கையால் ரப்பரைத் தட்டுகிறார், வலது பக்கம் சட்டைக் கை சும்மா தொங்குகிறது, மண்டபத்தின் மூலையில் நிற்கும் ஸ்பீக்கரில் உறுமி முனகுகிறது. கண் ஒரு இடத்தில், காது ஒரு இடத்தில். நடுவில் நான் நின்று சிக்னல், சென்சார் என்றால் எரிச்சல்தான் வரும். பாட்டை ஓடவிட்டுவிட்டுக் கையை ஆட்டுகிறவர்களை அவர்கள் எத்தனையோ விருந்துகளில் பார்த்திருக்கிறார்கள்.

கூட்டத்துக்காவது உண்மை தெரியாது. கூட்டாளிக்குக் கை போனது தெரியும். உரசுகிற கையே இல்லாதவன் உரசுகிறான் என்றால் அது பென்டிரைவ்தான் என்று அவன் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வான். அதனால்தான் முதல் ஆளாக ஏறி வந்தான்.

விலா எலும்பில் விரிசல் என்று கிளினிக்கில் சொன்னார்கள். போலீசில் ரிப்போர்ட் கொடுக்கலாம் என்றேன், அண்ணன் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, அடக்கி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"சட்டைய மடிச்சு வுடு அண்ணே. கைய காட்டு. எப்படி வாசிக்கிறன்னு அவனுங்க கண்ணால பாக்கட்டும்."

"என்னாத்த காட்ட சொல்ற? மொட்ட கைய நீட்டி பாசார்ல பிச்ச கேக்க ஒக்காரவா?"

"ஒத வாங்கிட்டு வர்றதுக்கு அது தேவல."

சோற்றுத் தட்டு என் காதோரம் பறந்து சுவரில் மோதியது. நான் சும்மா இருக்கிற ஆளா? குழம்புச் சட்டியைத் தூக்கி அவர் காலடியில் போட்டு உடைத்தேன். அவர் மின்விசிறியை உதைத்தார், நான் கண்ணாடி டம்ளரை எறிந்தேன். விலா வலியில் அவரால் நிமிர முடியவில்லை, ஆனாலும் மேசையைக் கவிழ்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வேலி வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். குழம்பு ஓடுகிற தரையில் இரண்டு பேரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தோம்.

"தோட்டத்து கோயில் திருநா வருது," என்றார் அண்ணன். "நான் பொறந்த எடம். அங்க அடிப்பேன். அங்கயும் பென்டிரைவுன்னு சொன்னானுங்கன்னா, இதெல்லாத்தையும் ஆத்துல வீசிருவேன். அப்பறம் உறுமின்னு ஒரு வார்த்த எங்கிட்ட நீ பேசக்கூடாது."

சொன்னால் செய்கிற ஆள். பட்டையை ஆற்றில் வீசிவிட்டு வந்து மறுபடியும் சுவருக்கு முன்னால் உட்கார்வார், இந்தத் தடவை எழுந்திருக்க மாட்டார். இனி எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்று. கூட்டத்தை நம்ப வைக்க வேண்டும், சட்டையைக் கழற்றாமல்.

வழி சொன்னது பாய். புக்கிட் செலம்பாவில் எங்களுக்கு வாடிக்கையான ரொட்டிக் கடை அவருடையது. இந்த ஜனங்களுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை, முட்டாப் பசங்க என்று நான் அங்கே நின்று பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தேன். பாய் தே தாரிக் டீயை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"நீ பேசுறது எனக்கே புரியல லா, அவங்களுக்கு எப்படி புரியும்? நான் ஏன் இங்க ரோட்ட பாத்து நின்னு ஆத்துறேன்? உள்ள ஆத்தி எடுத்துட்டு வந்தா எவன் பாப்பான்? இங்கன்னா சிந்தும், கை வேவும், நாலு பேர் சிரிப்பான். அதனால பாக்குறான். உங்கண்ணன் எங்க சிந்துறாரு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சட்னி கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். ஆனால் மோட்டார் சைக்கிளில் வரும் வழியெல்லாம் அந்த மனிதர் கேட்டது காதில் குடைந்தது. உண்மைதான், எங்கள் நிகழ்ச்சியில் எதுவும் சிந்துவதே இல்லை. தப்பாகப் போகக்கூடிய எதையும் நாங்கள் கூட்டத்துக்குக் காட்டவே இல்லை. பிசகே இல்லாமல் ஒருவன் வாசித்தால் அது பதிவு செய்ததுதான் என்று நானே நினைப்பேன்.

அந்த வாரமே பாய் கடை வாசலில் ஒரு மாலை வாசித்தோம். மூலை ஸ்பீக்கர் வேண்டாம் என்று அண்ணன் காலடியிலேயே ஒரு ஸ்பீக்கரை வைத்தேன். சத்தம் ஆள் நிற்கிற இடத்திலிருந்தே வந்தது. நான் பேச்சைக் குறைத்தேன். முதலில் வயரைப் பிடுங்கினேன், சத்தம் செத்தது. மறுபடி சொருகினேன், வந்தது. தே குடிக்க வந்த லாரிக்காரர்களைக் கூப்பிட்டு, பேடை நீங்களே அடித்துப் பாருங்கள் என்று குச்சியைக் கொடுத்தேன். அவர்கள் அடித்து அசிங்கமாக வந்ததைக் கேட்டுச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அண்ணன் அடித்ததை வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்தார்கள். ஒரு இடத்தில் அண்ணன் தாளத்தைத் தவறவிட்டுச் சமாளித்தபோது ஒருவர் கைகூடத் தட்டினார்.

ஆனால் அதெல்லாம் இடது கைக்குத்தான். முனகல் வந்தபோது எல்லார் கண்ணும் தொங்குகிற சட்டைக்குப் போனது. குடித்திருந்த ஒருவன் கிட்டே வந்து, "இதுக்குள்ள என்னா வெச்சிருக்கீங்க பிரதர்," என்று சட்டை நுனியைப் பிடித்து இழுத்தான். அண்ணன் குச்சியால் அவன் வாயில் அடித்தார். பல் உடைந்தது. அவன் கூட வந்தவர்கள் கண்ணாடி கிளாஸ்களை எறிந்தார்கள், ஒரு கிளாஸ் என் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போனது. பாய் கரண்டியை ஓங்கிக்கொண்டு ஓடிவந்து எல்லாரையும் விரட்டினார், எங்களையும் சேர்த்து. தையல் போட்ட புருவத்தோடுதான் நான் திருவிழாவுக்குப் போனேன்.

எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. சாமி புறப்படும் முன் மேளக்காரர்கள் வாசலில் தென்னோலையைக் கொளுத்தித் தோலுக்குச் சூடு காட்டுவார்கள். ஈரக் காற்றில் தொய்ந்த தோல் சூட்டில் இறுகும், அப்போதுதான் கணீரென்று பேசும். 'ஏத்துறது' என்பார்கள் அதை. குழுத் தலைவன்தான் ஏற்றுவான், தன் குழு மேளத்தை மட்டும்தான் ஏற்றுவான். வெளியாளின் மேளம் அந்த நெருப்புக்குக் கிட்டே போகக் கூடாது. போனதற்காக ஒரு வருடம் வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது. கூட்டம் இதைப் பார்க்கவே முன்கூட்டி வந்து நிற்கும். நெருப்பு பார்க்காத மேளத்தை அவர்கள் மேளம் என்றே சேர்த்துக்கொள்வதில்லை.

எங்களுக்கு நெருப்பு கிடையாது, கேட்கவும் இல்லை. நாங்கள் வாசலுக்கு மறுபக்கம் ஸ்பீக்கரை இறக்கினோம். மொட்டை வெயில். கூட்டாளி தன் ஆட்களோடு ஓலையைக் குவித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அண்ணன் தாங்கியை நிறுத்தி, பேடை மாட்டி, ஒரு தடவை தட்டி, ஒரு முனகல் விட்டுப் பார்த்தார். அவ்வளவுதான். கூட்டாளி கையில் இருந்த ஓலையைக் கீழே போட்டுவிட்டு வந்தான். பின்னாலேயே அவன் ஆட்கள். இளநீர் வெட்டிக்கொண்டிருந்த ஒருவன் பாராங் கத்தியோடு அப்படியே எழுந்து வந்து நின்றான்.

"அம்மன் வாசல்லயே ஏமாத்த வந்துட்டியாடா?" என்றான் கூட்டாளி. "பென்டிரைவ எடுத்து சாமி முன்னால வெய்யி. அப்பறம் பேசுவோம்."

கூட்டம் எங்களைச் சுற்றி அடைத்துக்கொண்டது. வாடா, போடா என்று குரல்கள். எவனோ ஸ்பீக்கர் மேல் செருப்பை எறிந்தான். நான் மைக்கை எடுத்து வாயைத் திறந்தேன். எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. மண்டபத்தில் சொன்னதும் பாய் கடையில் செய்ததும் அந்த முகங்களுக்கு முன்னால் எதற்கும் உதவாது என்று தெரிந்துவிட்டது. அண்ணனைப் பார்த்தேன். இத்தோடு முடிந்தது, ஆறுதான் என்று நினைத்தேன்.

"நீ பேசாத," என்றார் அண்ணன் என்னிடம்.

வலது சட்டைக் கையைப் பல்லால் கவ்வினார். தலையை உதறி இழுத்தார். தையல் விட்டுத் துணி தோள் வரைக்கும் கிழிந்தது. கிழிந்ததைக் காலால் மிதித்துப் பிடுங்கி எறிந்தார். மணிக்கட்டு இருக்க வேண்டிய இடத்தில் தையல் தழும்பு சுருங்கிக் கிடந்தது. அதற்கு மேலே பட்டை, பட்டையிலிருந்து வயர். முன்னால் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கூட்டாளி அந்தக் கையை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தான்.

"வா. புடி," என்றார் அண்ணன்.

அவன் அசையவில்லை.

"ஆஸ்பத்திரிக்குதான் வரல. இப்ப வந்து புடிடா."

கூட்டாளி பட்டைக்குக் கீழே, தழும்புக்கு மேலே, கையைப் பிடித்தான். அண்ணன் அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே சதையை இறுக்கினார். காலடியில் உறுமி முனகியது. முறுக்கினார், முனகல் நீண்டு இழுத்தது. தளர்த்தினார், அடங்கியது. கூட்டாளியின் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. ஆனால் அவன் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பிடியை நகர்த்தினான். தழும்பின் மேலேயே கட்டைவிரலை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடு நசுக்கினான்.

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. ஸ்பீக்கர் அலறியது. நான் அந்தக் கருவியைச் செய்தவள், அது அப்படி ஒரு சத்தம் கொடுக்கும் என்று எனக்கே தெரியாது. ஆட்டை அறுக்கும்போது கேட்கிற சத்தம் அது. அவன் நசுக்கிய வரைக்கும் அது ஓயவில்லை, அவன் விட்டதும் நின்றது. அண்ணன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"கையிலேந்தா வருது," என்று ஒரு அக்கா மெதுவாகச் சொன்னார்.

கூட்டாளி தன் கையைச் சட்டையில் துடைத்தான். திரும்பி ஓலைக் குவியலுக்குப் போனான். பாராங் வைத்திருந்தவன் இளநீருக்குத் திரும்பினான். செருப்பை எறிந்தவன் வந்து செருப்பை எடுத்துக்கொண்டு போனான். கூட்டம் அண்ணனைச் சூழ்ந்துகொண்டது. ஒரு ஆண்ட்டி பட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இப்ப முறுக்குங்க, இப்ப வுடுங்க என்று ஒருவர் சொல்லச் சொல்ல, அண்ணன் செய்து காட்டினார். கருவியின் விளக்கம் அவ்வளவுதான். நான் எத்தனை மேடைகளில் தொண்டை வறளப் பேசியிருக்கிறேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அண்ணனுக்குத் தண்ணீர் கொண்டுவர அன்னதானக் கொட்டகைக்குப் போனேன். திரும்பும்போது நாற்றம் வந்தது. ரப்பர் எரிகிற நாற்றம். தாங்கியைப் பார்த்தேன், பேட் இல்லை. நெருப்பைப் பார்த்தேன். கூட்டாளி எங்கள் பேடை இரண்டு கையாலும் பிடித்து, கொழுந்துவிட்டு எரிகிற ஓலைக்கு மேலே திருப்பித் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தான். கறுப்பு ரப்பர் கொப்புளித்துச் சொட்டியது. உள்ளே போர்டு படபடவென்று வெடித்தது.

தண்ணீர்ச் செம்பை அங்கேயே போட்டேன். வழியில் இருந்த மைக் ஸ்டாண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். யோசிக்கவில்லை. பண்டார் பாருவில் அண்ணன் விலாவில் விழுந்த உதை, ஆஸ்பத்திரியில் காலியாகக் கிடந்த நாற்காலி, கொஞ்சம் முன்னால் கேட்ட அந்த அலறல், எல்லாம் என் கையில் இருந்தது. ஸ்டாண்டின் இரும்பு அடிப்பாகத்தால் அவன் மண்டையில் ஓங்கி ஒன்று போட்டேன். மண்டை பிளந்தது. அவன் முட்டி போட்டு உட்கார்ந்தான். இன்னொன்று போடுவதற்குள் அவன் ஆட்கள் என் முடியைப் பிடித்து இழுத்தார்கள். கைக்குக் கிடைத்தவனைக் கடித்தேன். புருவத்துத் தையல் பிரிந்து கண்ணெல்லாம் ரத்தம்.

"வுடுங்கடா அவள," என்றான் கூட்டாளி. காதோரம் ரத்தம் வழிய உட்கார்ந்திருந்தான். பேடை இன்னும் விடவில்லை. ரப்பர் உருகி அவன் விரல்களில் ஒட்டியிருந்தது. "தங்கச்சி, என்னாத்துக்கு என்னைய அடிக்கிற?"

"கொளுத்திட்டு கேள்வி வேறயா? எரியணும்னுதான வெச்ச?"

"எங்க கொளுத்தினேன்? ஏத்தினேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "ஏத்தாம எப்படிம்மா சாமி முன்னால எடுத்துட்டு போறது? எல்லாத்தையும் ஏத்துனேன், இதையும் ஏத்துனேன். ரப்பர்தான? எங்கப்பா ரப்பர் தகட்ட நாள் கணக்கா பொகையில போட்டு எடுப்பாரு. ஒன்னும் ஆவாது, நல்லா கெட்டியாதான் ஆவும். உள்ள பொருளு இருக்கும்னு எனக்கு என்னா தெரியும்?"

என்னைப் பிடித்திருந்த கைகள் தளர்ந்தன. நெருப்பைச் சுற்றிப் பார்த்தேன். குழுவின் மேளங்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன, சூடு ஏறி முடித்து. அந்த வரிசையின் முதல் இடம் காலியாக இருந்தது. உறுமி நிற்க வேண்டிய இடம். எங்கள் பேடை அவன் அங்கே வைக்கத்தான் எடுத்துப் போயிருக்கிறான். இது மேளம்தான், இவன் என் குழுதான் என்று அவன் கூட்டத்துக்கு முன்னால் சொன்ன விதம் அது. பென்டிரைவ் என்று நினைத்தவரைக்கும் அந்தப் பேடுக்கு அவனால் ஒரு கீறல் விழவில்லை. நம்பியதும் நெருப்பில் போட்டுவிட்டான்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கருகிய பேடைப் பார்த்தார். கூட்டாளியின் மண்டையைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். மெசின் கையை வாங்கிய நாளிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. விலாவைப் பிடித்துக்கொண்டு, வலிக்க வலிக்க, குனிந்து சிரித்தார்.

"சரியான கூமுட்டடா நீ," என்றார்.

"இப்ப என்னாடா பண்றது? சாமி பொறப்பட போவுது," என்றான் கூட்டாளி. குரல் உடைந்தது. "ஒன் மோளத்த நாசம் பண்ணிட்டேனே."

"அது எடது கைக்குதான். எடது கைக்கு அடிக்க நீ இருக்கியே. பட்டைக்கு ஒன்னும் ஆவல."

உள்ளே மணி அடிக்க ஆரம்பித்தது. யாரோ கொடுத்த மஞ்சள் துணியை நான் கூட்டாளி தலையில் இறுக்கிக் கட்டினேன். மன்னிப்பு கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கும் எண்ணம் இல்லை. ஸ்பீக்கரைத் தள்ளுவண்டியில் ஏற்றி பேட்டரியை மாட்டினேன். குழு ஆட்கள் மேளங்களைத் தோளில் மாட்டினார்கள். வரிசையின் முதல் இடத்துக்கு அண்ணன் வந்து நின்றார், கிழிந்த சட்டையோடு. முன்னால் போகலாம் என்று நான் வண்டியை நகர்த்தினேன்.

"இரு," என்றான் கூட்டாளி.

அண்ணனின் மொட்டைக் கையைப் பிடித்து நெருப்புக்குக் கொண்டுபோனான். எனக்குப் பகீரென்றது, ஆனால் அவன் கொழுந்துக்கு மேலே காட்டவில்லை. அணையப் போகிற தணலின் ஓரத்தில், தோல் தாங்குகிற தூரத்தில் பிடித்தான். தான் நசுக்கிய தழும்பை விரல் நுனியால் தட்டிப் பார்த்தான், தோலைத் தட்டிப் பார்ப்பதுபோலவே. ஸ்பீக்கர் லேசாக முனகியது. காதைச் சாய்த்துக் கேட்டான்.

"இன்னும் கொஞ்சம் ஏறணும்," என்றான்.

அண்ணன் மறுபக்கத்துக்கும் சூடு படட்டும் என்று கையைத் திருப்பிக் காட்டினார்.